மரிக்கொழுந்துப் பாசியின் மூலப்பத்திரம்

மண்டபம், பாம்பன் பக்கத்துக் கரைகளில் பாசி எடுக்கும் பெண்கள் ஒரு பாசியை மரிக்கொழுந்து என்கிறார்கள். பூக்கடையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்துக்கும் இதற்கும் உறவில்லை. நடுத்தண்டின் இருபுறமும் குட்டையாக, நெருக்கமாகக் கிளைவிடும் சாயல் மட்டும்தான் ஒற்றுமை. வாசனையை எதிர்பார்த்து மோந்து பார்த்தால் கடல்தான் மணக்கும். அறிவியல் இதற்கு இட்டிருக்கும் பெயர் ஜெலிடியெல்லா அசெரோசா. ஆழமில்லாத இடங்களில் பாறையையும் இறந்த பவளத்தையும் பற்றிக்கொண்டு, கம்பி போல விறைப்பாக வளரும். இதைக் காய்ச்சி வடித்தால் அகர் கிடைக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டுகளில் நுண்ணுயிர் வளர்ப்பதற்கும், வீட்டில் கடற்பாசி அல்வா செய்வதற்கும் பயன்படும் அதே அகர்தான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். எழுபது ஆண்டுகளுக்கு முன், பாம்பன் அருகே மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவில் இந்தப் பாசி இருந்ததா? கடலுக்குப் போய்வந்த பாட்டியைக் கேட்கலாம். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் ஆண்டையும் இடத்தையும் துல்லியமாகச் சொல்வது கடினம். பழைய ஆய்வுப் புத்தகத்தைப் புரட்டலாம். அதில் பெயர் இருக்கும். அந்தப் பெயரை எழுதியவர் பார்த்தது இதே பாசியைத்தானா என்று எப்படி அறிவது? அதற்குப் பொருளே கையில் இருக்க வேண்டும். அந்த நாளில் அந்த இடத்தில் பறித்த அதே பாசி, காய்ந்து, தாளில் ஒட்டி, ஓரத்தில் ஒரு சீட்டோடு எங்காவது ஓர் அலமாரியில் இருந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்துவைக்கும் இடத்தை ஹெர்பேரியம் என்கிறோம். தமிழில் உலர்தாவரத் தொகுப்பகம் எனலாம். அந்தத் தாளும் அதன் சீட்டும் சேர்ந்ததுதான் ஒரு சேகரிப்புப் பதிவு.

வீடோ நிலமோ வாங்கியவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பத்திரம் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. பாசிப் பதிவையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

தாள் செய்யும் வேலையிலிருந்தே தொடங்கலாம். பூச்செடியைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் போதும். பாசியை அப்படிச் செய்ய முடியாது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் ஈரத்துணி போலச் சுருண்டுவிடும். அதனால் ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றி, அதில் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளைச் செருகுவார்கள். மெல்லிய தூரிகையால் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தாளை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாகத் தூக்கினால் நீர் வடிந்து, பாசி விரிந்த கோலத்தில் தாளின் மேல் படியும். மேலே மல்துணி, அதன் மேல் உறிஞ்சுதாள், பிறகு பலகையும் பாரமும். உறிஞ்சுதாளைத் தினமும் மாற்ற வேண்டும். சோம்பினால் பூஞ்சை பிடிக்கும். பல சிவப்புப் பாசிகளுக்குப் பசையே தேவையில்லை. அவற்றின் உடலில் உள்ள வழவழப்பே காயும்போது தாளோடு இறுகிவிடும். மரிக்கொழுந்து அப்படி வளைந்துகொடுக்காது. விறைப்பான உடல் என்பதால் காய்ந்ததும் தாளை விட்டு எழும்பி நிற்கும். காகிதப் பட்டையாலோ தையலாலோ கட்டிப்போட வேண்டியிருக்கும்.

இங்கே புதியவர்கள் இடறும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிவப்புப் பாசி என்றால் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஃபைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி இருப்பதால் அந்தப் பெயர். நல்ல வெயில் படும் திட்டில் வளரும் மரிக்கொழுந்து பச்சையும் மஞ்சளும் கலந்த பழுப்பாகவே தெரியும்; நிழலில் வளர்வது கருஞ்சிவப்பாக இருக்கும். தாளில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் இரண்டும் வெளிறிவிடும். உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்பதைச் சேகரித்தவர் சீட்டில் எழுதியிருந்தால் உண்டு. இல்லையென்றால் அந்தத் தகவல் போனதுதான்.

சீட்டு உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு துண்டுத்தாள். கற்பனையாக ஒன்றை எழுதிப் பார்ப்போம்: 'ஜெலிடியெல்லா அசெரோசா. குருசடைத் தீவு, தென்கரை. வற்றத்தின்போது முழங்கால் ஆழத்தில், இறந்த பவளத்தின் மேல் ஒட்டியிருந்தது. கருஞ்சிவப்பு. 12 பிப்ரவரி 1958. எண் 417.' கீழே சேகரித்தவர் பெயரும், இனம் கண்டவர் பெயரும். இருவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் இருக்கவும் மாட்டார்கள்.

இதில் எல்லாரும் முதலில் பார்ப்பது பெயரை. எனக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டியதாகப் படுகிறது. பெயரைத் திருத்தலாம்; பாசி தாளிலேயே இருக்கிறது, இன்னொரு நிபுணர் நாளை வந்து பார்த்துக்கொள்வார். தேதியும் இடமும் தவறினால் மீட்க வழியில்லை. அதைவிட முக்கியம், 'ஒட்டியிருந்தது' என்ற ஒற்றைச் சொல். கரையில் கிடந்த பாசி எங்கே வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அலை அதை அடுத்த ஊரிலிருந்தும் கொண்டுவந்திருக்கலாம், எதிர்க்கரையிலிருந்தும் கொண்டுவந்திருக்கலாம். 'கரை ஒதுங்கியது' என்று எழுதிய சீட்டு நேர்மையான சீட்டு. இரண்டில் எதையும் எழுதாத சீட்டுகள்தான் அதிகம் என்பது சோகம்.

எண் 417 என்பது அரசாங்க எண் எதுவும் அல்ல. சேகரிப்பவர் தன் வாழ்நாளில் எடுத்த மாதிரிகளுக்குத் தானே வரிசையாக இடும் எண். 416-ம் 418-ம் ஒரே நாளில் ஒரே தீவில் எடுத்தவை என்று தெரிந்தால், 417-இன் சீட்டில் தேதி அழிந்திருந்தாலும் ஊகித்துவிடலாம். அதேபோல 3/4/58 என்று மட்டும் எழுதியிருந்தால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? எழுதியவர் இங்கே படித்தவரா அமெரிக்காவில் படித்தவரா என்பதைப் பொறுத்தது. மாதத்தை எழுத்தில் எழுதும் வழக்கம் வந்ததற்கு இப்படிப்பட்ட தலைவலிகளே காரணம்.

இனி மூலப்பத்திரம். ஒரு பெயர் எந்தப் பாசிக்கு உரியது என்பதை எது தீர்மானிக்கிறது? விளக்க வரிகள் ஓரளவுக்கு உதவும். ஆனால் 'கிளைத்தது, விறைப்பானது, ஊசி போன்றது' என்ற வர்ணனைக்குப் பத்துப் பாசிகள் பொருந்தும். அதனால் ஒவ்வொரு பெயரும் ஏதாவது ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை வகை மாதிரி என்பார்கள். மரிக்கொழுந்தின் வகை மாதிரி எங்கே இருக்கிறது? மன்னார் வளைகுடாப் பக்கம் தேடிப் பயனில்லை. அது டென்மார்க்கில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பறித்த இடம் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகம்.

அந்தக் கதை கொஞ்சம் துயரமானது. டென்மார்க் அரசர் 1761-இல் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பினார். அதில் இயற்கை ஆய்வாளராகப் போனவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல், லின்னேயஸின் மாணவர். எகிப்திலும் செங்கடல் கரைகளிலும் செடி, மீன், பாசி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். மீன்களைக்கூடப் பாதியாகப் பிளந்து, உலர்த்தி, செடி போலத் தாளில் ஒட்டிவைத்தவர் அவர்! 1763-இல் குழு மோக்காவை அடைந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஏமன் மலைநாட்டிலுள்ள யாரிம் என்ற ஊரில் மலேரியா அவரைக் கொண்டுபோனது. வயது 31. குழுவில் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோக, கார்ஸ்டன் நீபூர் ஒருவர் மட்டும் 1767-இல் உயிரோடு கோபன்ஹேகன் திரும்பினார். நண்பரின் குறிப்புகளை 1775-இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. அதில்தான் நம் பாசி முதன்முதலாக அச்சில் பெயர் பெற்றது. அப்போது அதன் பெயர் ஃபூக்கஸ் அசெரோசஸ். அந்தக் காலத்தில் பெரிய கடற்பாசிகளில் முக்கால்வாசியை ஃபூக்கஸ் என்ற ஒரே கூடைக்குள் போட்டுவைத்திருந்தார்கள்.

பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் குழப்பம். கரீபியன் கடலில் எடுத்த இதே பாசிக்கு 1802-இல் மார்ட்டின் வால் வேறு பெயர் வைத்தார்: ஃபூக்கஸ் ரிஜிடஸ். அது பின்னர் ஜெலிடியம் ரிஜிடம் என்றும் ஜெலிடியாப்சிஸ் ரிஜிடா என்றும் மாறியது. ஃபோர்ஸ்கோலின் பழைய தாள்களை ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தவர் டென்மார்க்கின் ஃப்ரெடரிக் பொயர்கெசன். 1932-இல் அவர் ஃபோர்ஸ்கோலின் பாசிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, எது எது என்று எழுதிவைத்தார். 1934-இல் ஃபெல்ட்மன், ஆமெல் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஜெலிடியெல்லா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் குழுவை, உருவாக்கி அதில் இதைச் சேர்த்தார்கள். இன்றைய பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள் ஃபோர்ஸ்கோல், வெளியே ஃபெல்ட்மன், ஆமெல் என்று எழுதுவதற்கு இதுதான் காரணம். முதலில் பெயர் வைத்தவர் உள்ளே, இப்போதைய வீட்டுக்கு மாற்றியவர்கள் வெளியே. ஒரே வரியில் கைமாறிய வரலாறு முழுவதும் இருக்கிறது.

இதே பொயர்கெசன்தான் 1937, 1938-இல் தென்னிந்தியக் கடற்பாசிகளைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். அவருக்கு முன்பே, 1927-இல், சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவு உயிரினங்களைப் பற்றி வெளியிட்ட தொகுப்பில் எம்.ஓ.பி. அய்யங்கார் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதியிருந்தார். இந்தியாவில் பாசியியலைத் தனித் துறையாக நிறுத்தியவர் அவர்.

பெயர் இப்படி மாறிக்கொண்டிருந்தால் பழைய தாள்களில் என்ன செய்வார்கள்? அழிக்க மாட்டார்கள். பழைய சீட்டு அப்படியே இருக்க, அதன் அருகில் புதிய துண்டு ஒன்றை ஒட்டி, 'இது இன்னது' என்று எழுதி, கையெழுத்தும் ஆண்டும் இடுவார்கள். சில தாள்களில் இப்படி மூன்று நான்கு துண்டுகள் இருக்கும். தாளுக்கு இதுவே வில்லங்கச் சான்று. தேடுகிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஜெலிடியெல்லா அசெரோசா என்று மட்டும் தேடினால், ரிஜிடா என்ற பழைய பெயரிலேயே தூங்கும் தாள்கள் வலையில் விழாது. ஒரு பாசிக்கு எத்தனை பழைய பெயர்கள் என்பதை அயர்லாந்தின் மைக்கேல் கைரி தொடங்கிய ஆல்கேபேஸ் தரவுத்தளத்தில் முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு தேடுவது நல்லது.

இன்று பல தொகுப்பகங்கள் தாள்களைப் படமெடுத்து, சீட்டுகளைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவிட்டன. உலகப் பல்லுயிர்த் தகவல் வசதி என்ற அமைப்பு அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டித் தருகிறது; அதன் செயலகம் இருப்பதும் கோபன்ஹேகனில்தான். ஒவ்வொரு தொகுப்பகத்துக்கும் ஒரு குறியெழுத்து உண்டு. கோபன்ஹேகனுக்கு 'சி', லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 'பி.எம்.'. 'எம்.எச்.' என்றால் மெட்ராஸ் ஹெர்பேரியம். அதைத் தேடிச் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம், இருப்பது கோயம்புத்தூரில்.

வசதி பெருகியபோது பிழைகளும் வேடிக்கையாகப் பெருகின. மண்டபம் ஏறத்தாழ வடக்கு 9.28 பாகை, கிழக்கு 79.12 பாகையில் இருக்கிறது. தட்டச்சு செய்கிறவர் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால் மரிக்கொழுந்து ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே பனிக்கட்டிகளோடு மிதக்கும். எண்ணே தெரியாமல் சுழியத்தை நிரப்பினால் ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் போய் விழும். 'இந்தியா' என்று மட்டும் எழுதிய பழைய சீட்டுக்கு நாட்டின் நடுப்புள்ளியைக் கணினி தானாகப் போட்டுவிட்டால் கடற்பாசி தக்காணத்துத் தரையில் முளைத்துவிடும். இவை பார்த்தவுடன் பிடிபடும் பிழைகள். பிடிபடாதவைதான் ஆபத்து. குருசடை என்ற ஊர்ப்பெயரே ஆங்கிலச் சீட்டுகளில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கிறது. 'மெட்ராஸ்' என்று எழுதியவர் நகரத்தைச் சொன்னாரா, தூத்துக்குடியும் அடங்கிய மாகாணத்தைச் சொன்னாரா? சென்னைக் கடற்கரையில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் வரைபடம் பொய் சொல்லத் தொடங்கும்.

இரட்டைப் பதிவுகள் இன்னொரு சிக்கல். சேகரிப்பவர்கள் ஒரே இடத்தில் பறித்த பாசியைப் பல தாள்களாக்கி, பல தொகுப்பகங்களுக்கு அனுப்புவது பழைய வழக்கம். வில்லியம் ஃபெர்குசன் 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரைகளில் எடுத்த பாசிகளைத் தொகுதி தொகுதியாக இப்படிப் பகிர்ந்தார். வெள்ளமோ தீயோ ஒரு தொகுப்பகத்தை அழித்தாலும் மற்றொன்றில் மிஞ்சும் என்பதால் நல்ல ஏற்பாடு. இணையத்தில் எண்ணிக்கை எடுக்கும்போது மட்டும், ஒரே நாள் ஒரே பாறையில் பறித்த பாசி ஐந்து பதிவுகளாக எழுந்து நிற்கும். சேகரித்தவர் பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்: பதிவுகள் குறைந்துவிட்டன என்பதை வைத்து பாசி குறைந்துவிட்டது என்று எழுதுவது பெரும் அபத்தம். பதிவு என்பது பாசியின் கணக்கெடுப்பு கிடையாது. மனிதர்கள் எங்கே போனார்கள் என்பதன் தடம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 வரை மண்டபத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்தது. மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு மையமும் அங்கேயே இருக்கிறது. ரயில் போகும் ஊர், தங்க இடமுண்டு, நுண்ணோக்கி உண்டு. அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து தாள்கள் குவிவதில் வியப்பில்லை. ஆய்வாளர் ஓய்வுபெற்றாலோ திட்டப் பணம் தீர்ந்தாலோ பதிவு நின்றுவிடும். பாசி தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிக்கும்போது யாரும் இறங்குவதில்லை என்பதால் அந்த மாதங்களின் தாள்களும் அரிது.

ஆனால் நெருக்கமாகச் சேகரித்த இடத்தில் இல்லாமைக்கும் பொருள் வந்துவிடும். காப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் வளர்ப்புக்காக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது; 2008-இல் குருசடைப் பவளங்களின் மேல் அது படர்ந்திருப்பது குறித்து ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. 1920-களிலிருந்து பாசியியலாளர்கள் திரும்பத் திரும்பக் கால்வைத்த தீவு அது. இத்தனை பருமனான, கண்ணில் அறையும் பாசி முன்பே அங்கே இருந்திருந்தால் யாராவது ஒருவர் தாளில் ஒட்டியிருப்பார். எவரும் போகாத கரையைப் பற்றி இதே வாதத்தை வைக்க முடியாது.

பழைய தாள்களிடம் அவற்றைச் செய்தவர்கள் கனவிலும் நினைக்காத கேள்விகளை இப்போது கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் நடந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நம் மரிக்கொழுந்தின் உறவுக்காரப் பாசியான ஜெலிடியம் அங்கே வளர்கிறது. ஆழ்கடலின் குளிர்நீர் சத்துகளோடு மேலெழும் ஆண்டுகளில் பாசியின் உடலிலுள்ள நைட்ரஜனின் தன்மை மாறுகிறது. அந்த மேலெழுச்சியை அளவிடும் குறியீடு 1946-லிருந்துதான் உண்டு. பழைய ஜெலிடியம் தாள்களிலிருந்து துணுக்குத் துணுக்காக வெட்டி நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் நைட்ரஜன் அணுக்களை, அளந்து பார்த்தார்கள். குறியீடு இருக்கும் ஆண்டுகளில் இரண்டும் ஒத்துப்போயின. அதை நம்பி, குறியீடே இல்லாத 1878 வரை பின்னோக்கிப் போய்க் கடலின் போக்கை வரைந்தார்கள். 2020-இல் வெளியான ஆய்வு இது.

டி.என்.ஏ. எடுப்பதும் நடக்கிறது. ஜெஃப்ரி ஹியூயி குழுவினர் 2001-இல் பசிபிக் சிவப்புப் பாசிகளின் வகை மாதிரிகளிலிருந்தே டி.என்.ஏ. எடுத்துப் பெயர்ச் சிக்கல்களைத் தீர்த்துக் காட்டினார்கள். அழுத்துவதற்கு முன் ஃபார்மலினில் ஊறவைத்த மாதிரியாக இருந்தால் இந்த வாய்ப்பு பெரும்பாலும் கெட்டுவிடும். ஆகவே, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்ற சலிப்பூட்டும் வரியும் சீட்டில் இருப்பது நல்லது.

நீங்களே ஒரு தாள் செய்து பார்க்க விரும்பலாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பறிக்கக் கூடாது. ஊர்க் கரையில் ஒதுங்கிக் கிடப்பதில் ஒரு கொத்து போதும். களத்தில் குறிக்கப் பேனா வேண்டாம், கடல்நீர் பட்டால் மை ஓடிவிடும், பென்சிலே நல்லது. 'கரை ஒதுங்கியது' என்று மறக்காமல் எழுதுங்கள். சீட்டில் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்வேன். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கி இந்தப் பாசியை எடுக்கும் பெண்களின் பெயர் சேகரித்தவர் என்ற வரியில் வருவது மிகமிக அரிது. அவர்களில் ஒருவர் எடுத்துக் கொடுத்த பாசி என்றால், கேட்டுக்கொண்டு அவர் பெயரை அந்த வரியிலேயே எழுதுங்கள். அதற்குக் கீழே, உள்ளூர்ப் பெயர் என்ற இடத்தில், 'மரிக்கொழுந்து' என்று தமிழிலேயே.